எழுபத்து நாலாம் பக்கத்து மடிப்பு

வாடகைப் புத்தகக் கடைக்காரனிடம் புத்தகம் நல்லதா என்று யாரும் கேட்பதில்லை, உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கடையை வைத்திருந்தேன். ஒரு பக்கம் சுக்கு மண்டி, மறுபக்கம் சாயாக்கடை. என் புத்தகங்களை முகர்ந்தால் ஜலதோஷம் போகும். மலையாளம் நன்றாக ஓடும், இங்கிலீஷ் சுமார், தமிழை நான் மட்டும் படிப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு இங்கிலீஷ் நாவல் வந்தது. பெயர் வேண்டாம். நீங்களும் படித்து நொந்திருப்பீர்கள். பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஐந்து சின்னஞ்சிறுசுகள். என்ன வேலை என்று கடைசிவரை தெரியாது. இவன் அவளைக் காதலிப்பான், அவள் இன்னொருத்தனை. மேனேஜர் கெட்டவன். முடிவில் ஐவரும் ஒரே நாளில் ராஜினாமா எழுதி வைத்துவிட்டு, மலைமேல் போய்க் காப்பிக் கடை திறப்பார்கள்.

நான் படித்த காரணம்

என் பெண் செல்வி அப்போதுதான் பெங்களூரில் அப்படி ஒரு கட்டடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். போனில் வெளியூர்க்காரர்களின் புகாருக்குப் பதில் சொல்லும் வேலை. அனுப்ப வேண்டாம் என்று அவள் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். நான்தான் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "எப்படி இருக்கே?" "நல்லா இருக்கேன்ப்பா." அதற்கு மேல் அவளும் சொல்ல மாட்டாள், நானும் கேட்டுப் பழகாதவன்.

அனுப்பியது சரியா தப்பா? இந்த நாவலில் அது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு இருக்கிற இங்கிலீஷுக்கு ஒன்பது நாள் பிடித்தது. நூற்றெண்பது பக்கத்தில் ஒருவரும் வேலை செய்யவில்லை. சோறு தின்றதாகக்கூட இல்லை. முடித்து வைத்ததும் வீட்டுக்காரி வந்து, "என்ன போட்டிருக்கு?" என்றாள். காதல் போட்டிருக்கு என்றேன்.

"அப்பவே சொன்னேன், போய்க் கூட்டிட்டு வாங்கன்னு."

தம்பி

திருப்பித் தந்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள். ஆனால் புத்தகம் அலமாரியில் ஒருநாள்கூடத் தங்கவில்லை. இது என்ன விசித்திரம் என்று எனக்குப் புரியவில்லை. சுக்கு மண்டியில் சிட்டை எழுதும் ஷாஜியின் அண்ணன், ஆசிரியருடைய குடும்பத்தையே இழுத்துப் பேசிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் ஷாஜி வந்து அதே புத்தகத்தைக் கேட்கிறான். உன் அண்ணன் மோசம் என்று சொல்லவில்லையா என்றேன்.

"மோசமாணுன்னு சேட்டன் பறஞ்ஞு. எத்தர மோசம்னு எனிக்கி அறியண்டே?" எவ்வளவு மோசம் என்று அவனுக்கும் தெரிய வேண்டாமா என்கிறான்.

களமசேரிக்காரர்

தாசன் சேட்டன் களமசேரியில் ஒரு பாக்டரியில் யூனியன் பார்த்து ரிட்டயர் ஆனவர். முன்பு கோயம்புத்தூர் மில்லில் இருந்ததால் தமிழ் வரும். மூன்று நாளில் படித்துவிட்டு வந்து, மனுக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

"மேனேஜர் ஒரு பெண்ணைக் கண்டபடி ஏசுகிறான். கூட இருக்கிற நாலு பேரும் சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு கொடி இல்லை, நோட்டீஸ் இல்லை, கேட் மீட்டிங் இல்லை. ராஜினாமாவாம். முதலாளி கேட்க வெட்கப்படுறதை இதுங்க தானா எடுத்துக் குடுத்துட்டுப் போகுது."

என் பெண்ணும் இப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறாள் என்றேன். அங்கே யூனியன் உண்டா என்றார். தெரியாது. எத்தனை மணி நேர வேலை? தெரியாது. ஏசினால் யாரிடம் சொல்வாள்? அதுவும் தெரியாது. அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

"நாவல் எழுதினவனுக்கும் ஒண்ணும் தெரியலை, உமக்கும் தெரியலை. மகள்கிட்ட கேளுமய்யா."

மூலை

மூலையை மடிக்காதீர் என்று மூன்று பாஷையில் போர்டு மாட்டியிருந்தேன். எந்தப் பாஷைக்காரனும் மதித்ததில்லை. புத்தகம் திரும்பி வந்ததும் கட்டைவிரலால் மூலைகளை ஓட்டிப் பார்ப்பேன். எங்கே நிறுத்தினான், எங்கே தூங்கினான் என்று மடிப்பில் தெரியும். ஆளுக்கொரு பக்கமாக இருப்பதுதான் வழக்கம். இந்த நாவலில் மட்டும் எழுபத்து நாலாம் பக்கம் திரும்பத் திரும்ப மடிந்து, மூலை கழன்று விழுகிற நிலைக்கு வந்துவிட்டது.

அப்படி என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். ஏச்சு வாங்கிய பெண் பாத்ரூமுக்குப் போகிறாள். சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு ஒரு பக்கம் முழுக்க அழுகிறாள். அடுத்த பக்கத்தில் மறுபடி காதல். வந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தேன். மடித்தேன் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வைப்பின் தீவிலிருந்து படகேறி வரும் கஸ்தூரி எங்கள் தமிழ் ஆட்களில் ஒருத்தி. அப்பா கார்ப்பரேஷனில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவு. எர்ணாகுளத்தில் ஒரு ஆபீஸில் இன்டர்வியூ என்று, அதற்குப் பாடப்புத்தகம் மாதிரி இதை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "யாரையாவது லவ் பண்றியான்னு கேக்கவே இல்ல அண்ணாச்சி, டைப்பிங் ஸ்பீடுதான் கேட்டாங்க" என்றாள். வேலை கிடைத்துவிட்டது. இரண்டு மாசம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஒரு பக்கம் மட்டும் பார்க்கணும் என்று கேட்டு, நின்றபடியே படித்துவிட்டுத் தந்தாள். விரலை ஓட்டினேன். புது மடிப்பு. இதில் என்னம்மா இருக்கிறது என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"புத்தகம் பூரா பொய் அண்ணாச்சி. அந்தக் குழாயைத் திறந்து விடுறது மட்டும் நெசம்."

ஓண லீவு

 கஸ்தூரி வந்துபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது கேட்க வாயெடுத்தேன். மழை உண்டா என்றுதான் கேட்டேன். பெங்களூரில் மழை உண்டாம்.

ஓணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டு செல்வி வந்தாள். முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். இரண்டாம் நாள் அவள் அம்மா கப்பைக்கிழங்கும் மீனும் வைத்து ஊட்டாத குறை. பெட்டியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ நிப்பா" என்று என்னைப் பிடுங்கினாள். மூன்றாம் நாள் காலையில் செல்வி கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த நாவலைப் படிக்க உட்கார்ந்தாள். நடுநடுவே சிரித்தாள். சாயா வந்தபோது புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தாள்.

நான் பார்த்தேன். எழுபத்து நாலு.

எத்தனையோ கேட்டிருக்கலாம். "மூலையை மடிக்காதேன்னு போர்டு இருக்கு" என்றேன்.

"இதை எழுதின ஆள் ஆபீஸ் வாசலைக்கூட மிதிச்சிருக்க மாட்டான்ப்பா" என்றாள் அவள், கிளாஸை ஊதிக்கொண்டே. "இவ ஒரு பக்கம் முழுக்க அழறா. எங்களுக்கு பிரேக்கே ஏழு நிமிஷம். அதுல மூஞ்சியும் கழுவிட்டு வரணும்."

சாயாக்கடை ரேடியோவில் என்னவோ பாடிக்கொண்டிருந்தது. என் கிளாஸைக் கீழே வைத்தேன். இரண்டு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"வந்துடுறியா?"

 அவள் ஒரு வாய் குடித்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். சின்ன வயசில் பரீட்சைத் தாளை நீட்டும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"முதல்ல கேட்டிருந்தா வந்திருப்பேன்ப்பா. இப்பல்லாம் மூணு நிமிஷத்துல அழுது முடிச்சிடுறேன். பாக்கி நாலுல ஒரு சாயா."

பெற்ற பெண்ணிடம் நேரே கேட்கத் துப்பில்லாதவன், ஒரு மோசமான நாவலின் மூலையைத் தடவிக்கொண்டே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட முடியும்.