சி என்ற எழுத்து

பழைய இயந்திரங்களின் மின்பலகைகளைப் பழுது பார்ப்பது தங்கையின் பிழைப்பு. காலுறை ஆலையில் பின்னல் இயந்திரம் ஓட்டுவது அக்காவின் பிழைப்பு. அந்த இயந்திரம் ஒருநாள் நின்றுபோக, தன் தங்கை கைவைத்தால் சரியாகிவிடும் என்று மேலாளரிடம் வலியப் போய்ப் பொறுப்பேற்றவள் அக்காதான்.

இயந்திரத்தின் மூளையான சிப் கருகியிருந்தது. அதை முதலில் செய்த கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. ஆனால் அதே சிப்பை அந்தக் காலத்தில் வேறு சில கம்பெனிகளும் உரிமம் வாங்கிச் செய்து, ஆளுக்கொரு விதமாக எண் போட்டு விற்றிருந்தன. தங்கையின் பெட்டியில் கிடந்தது அப்படி ஒன்று. கருகியதன் எண் ‘ஏ’ என்று முடிந்தது, இதில் ‘சி’. முதல் கம்பெனியின் வழக்கில் எழுத்தே இல்லாதது மெதுவானது, ‘ஏ’ வேகமானது, ‘பி’ அதைவிட வேகம். ‘சி’ இன்னும் ஒருபடி மேலே இருக்கும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். பொருத்தியதும் இயந்திரம் ஓடியது. அத்தனை பேர் முன்னாலும் அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

மதியம் சூடேறியதும் நின்றது. ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும். தங்கை வயரை மாற்றினாள், மின்சாரம் தரும் பெட்டியையே மாற்றினாள். சிப்பின் மீது மட்டும் சந்தேகம் வரவில்லை. மேலாளர் கையை விரித்துவிட்டார். இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. அக்காவும் இன்னும் சிலரும் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்கள். தங்கை சிப்பை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தாள்.

பல மாதம் கழித்து, வேறு வேலைக்கு வந்த பலகையில் தான் கழற்றி வந்த சிப்பைச் செய்த அதே கம்பெனியின் இன்னொரு சிப்பைப் பார்த்தாள். அதே எண், அதே ‘சி’. ஆனால் அதற்குப் பின்னால் சின்னக் கோடு போட்டு ஒரு ‘1’. ‘சி’ என்றாலே வேகம்தான் என்றால் இந்த ஒன்று எதற்கு? அவள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதனைப் பலகையில் செருகி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினாள். ‘1’ போட்டது அசராமல் ஓடியது. மற்றது நின்றது. அந்தக் கம்பெனிக்கு ‘சி’ என்றால் பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். வேகத்தைக் குறித்தது அந்த ‘1’தான். அது இல்லாத மெதுவான சிப், சூடேறியதும் இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

அக்கா இப்போது ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறாள். தங்கை அங்கேயே போய் நின்றாள்.

“அக்கா, அந்த மெஷின்ல வேற கோளாறே இல்ல. நான் போட்ட சிப்தான் தப்பு.”

“சரியானதைப் போட்டிருந்தா ஓடியிருக்குமா?”

“ஓடியிருக்கும்.”

அக்கா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தாள்.

“இதை ஏன்டி வந்து சொன்ன? மெஷினுக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன்.”

தங்கையிடம் அடுத்த விரிப்பின் ஒரு முனையை அக்கா நீட்டினாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

அக்கா சண்டை போடவில்லை, வந்துபோவதை நிறுத்தவுமில்லை. அந்தக் கோடையில் அவள் வீட்டு மின்விசிறி பழுதானது. அதைக் கடைத்தெருவில் கொடுத்துச் சரி செய்ததை அத்தான் வாய் தவறிச் சொல்லித்தான் தங்கைக்குத் தெரிந்தது.