சாபம் நிலாவரைக்கும் போனதா?

சபையில் பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறன்று நான்தான் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று எங்கள் ஆயர் சொன்னபோது, முதலில் ஆள் மாறிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பத்தொன்பது வருடமாக விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை புடவையை விரித்து, பேசிப் பேசியே விற்கிறவள். ஆனால் பிரசங்க மேடையில் ஏறியதே இல்லை.

வேதத்தில் ஒரு பகுதியையும் அவரே குறித்துக் கொடுத்தார். படைப்பு முழுவதும் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைப் போல முனகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் பகுதி.

"பதினைஞ்சு நிமிஷம் போதும்மா. மனுஷன் பாவத்துல விழுந்தான், அவனோட சேர்ந்து படைப்பு முழுசும் விழுந்துது. இதைச் சொல்லி, மீட்பைச் சொல்லி முடிச்சுடுங்க."

"முழுசும்னா, நட்சத்திரமெல்லாமா ஐயா?"

ஆயர் என்னைவிடப் பத்து வயது இளையவர். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "முழுசும்னுதான் இருக்குது" என்றார் மெதுவாக.

"ஆனா ஆரம்பத்துல நிலத்தைத்தானே சபிச்சதா எழுதியிருக்குது? முள்ளு முளைக்கும், வேர்வை சிந்தித்தான் சாப்பிடணும்னு. வானத்தைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"யோசிச்சுட்டு நீங்களே சொல்லுங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவள். அவளுடைய ஒரே மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஆயர் பேசியதைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

"அக்கா, உலகத்துல கெட்டதெல்லாம் பாவத்தால வந்துதுன்னு சொல்லப்போறியா?"

"ஏன்மா கேக்கற?"

"சொல்றதுன்னா முன்னாடியே சொல்லிடு. அன்னிக்கு எம் பொண்ணைக் கூட்டிக்கினு வரமாட்டேன். அவளுக்குக் காதுதான் கேக்காது. எல்லாரும் திரும்பிப் பார்க்கறது தெரியும்."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதானபோது ஜெபக் கூட்டத்தில், "குடும்பத்துல மறைஞ்ச பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடும்மா" என்று அவளிடம் சொன்ன நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. அவள் அதை மறக்கவில்லை என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "கூட்டிக்கினு வா" என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் கடையில் பில் போடுகிறவர் ஒரு சமணர். பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஐந்து மணிக்கே சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவிடுவார். மறுநாள் அவர் சாப்பிட்டு முடித்ததும் போய், மனிதன் பாவத்தால் நட்சத்திரமும் கெட்டதா என்று கேட்டேன்.

"எங்க மதத்துல உலகத்துக்கு ஆரம்பமே கிடையாதும்மா" என்றார். "நல்லா இருந்து அப்புறம் கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு இடமே இல்ல. அவங்கவங்க வினை அவங்கவங்களைத்தான் ஒட்டும். எவனோ ஒருத்தன் பண்ணதுக்கு நட்சத்திரம் என்ன பண்ணும், பாவம்?"

"அப்போ காது கேக்காம ஒரு குழந்தை பொறக்குதே?"

"முன் பிறவியில ஏதோ பண்ணியிருக்கும்."

"அப்பவும் பழி குழந்தை மேலதானே சார் வருது?"

அவர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "அந்த இடம் எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் என் மகள் இயற்பியல் படிக்கிறாள், கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளிடமும் அதையே கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நட்சத்திரமெல்லாம் சாகும்மா. ஆதாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துக்கினுதான் இருந்துது. அது வெடிக்கலைன்னா நம்ம ரத்தத்துல அயர்னே இருந்திருக்காது. சாவே பாவத்தாலதான் வந்துதுன்னா, பாவத்துக்கு முன்னாடி நாம இருக்கவே முடியாதே. டைம்லைனே இடிக்குது."

"அப்போ வேதம் பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லல. நீ கேட்ட, எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை எங்க காலேஜ் கிரவுண்டுல டெலஸ்கோப் வைக்கறாங்க. வந்து நீயே பாரு."

கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிப் போனேன். ஆறரை மணி. வானத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது, தலைக்கு மேலே பாதி நிலா. பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, என் முறை வந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. மகள் என் தோளைப் பிடித்துச் சற்றுப் பின்னால் இழுத்தாள். சட்டென்று நிலா வந்தது.

இவ்வளவு பள்ளம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. பெரிய பள்ளத்துக்குள் சின்னப் பள்ளம், அதற்குள் இன்னொன்று.

"எல்லாம் கல்லு வந்து மோதினதும்மா" என்றாள் மகள். "பூமியில மனுஷங்களே இல்லாத காலத்துல."

"யார் பண்ண பாவத்துக்கு?"

"பாவம் இல்லம்மா. கிராவிட்டி."

பின்னால் நின்ற சிறுமி என் முந்தானையை இழுக்கும்வரை கண்ணை எடுக்க மனம் வரவில்லை. இத்தனை அடி வாங்கியும் அதைக் கெட்டுப்போனது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஆயர் குறித்துக் கொடுத்த பகுதியையும், ஆதியில் சாபம் வருகிற இடத்தையும் மாற்றி மாற்றிப் படித்தேன். எத்தனையோ தடவை படித்த இடம்தான். அன்றைக்குத்தான் ஒன்று கண்ணில் பட்டது. பெண்ணுக்குப் பிரசவ வலியைப் புதிதாகக் கொடுத்ததாக அங்கே இல்லை, அதிகமாக்கியதாகத்தான் இருக்கிறது. அதிகமாக்க வேண்டுமென்றால் முன்பே கொஞ்சம் இருந்திருக்க வேண்டாமா? அப்படியானால் எல்லா வலியும் பாவத்துக்குப் பிறகு வந்ததல்லவே?

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறினேன். எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தேன், ஒரு எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை. மடித்து வைத்துவிட்டு, கடையில் பேசுகிற மாதிரியே பேசினேன். நிலாவைப் பார்த்ததைச் சொன்னேன். அதிகமாக்கியது என்ற சொல்லைப் பற்றிச் சொன்னேன். "மனுஷன் தப்பால நிலம் கெடுது, ஆறு கெடுது, அதை நாம கண்ணாலயே பார்க்கறோம். ஆனா நிலாவும் நட்சத்திரமும் நம்மாலதான் கெட்டுதான்னு எனக்குத் தெரியல. தெரியாத ஒண்ணை வெச்சுக்கினு, பொறந்த குழந்தையைக் காட்டி இது யார் பாவம்னு கேட்டவங்கள்ல நானும் ஒருத்தி. அது தப்பு. அந்தத் தாய்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன்.

அவள் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள், பக்கத்தில் மகள். நான் பேசப் பேச மகளுக்குக் கையால் சொல்லிக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்ட இடத்தில் மட்டும் கை அப்படியே நின்றது. பிறகு அதையும் சொன்னாள்.

ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தாள். "நிலாவுல பள்ளம்னு எப்படிக் காட்டறதுன்னு தெரியலக்கா. எங் கன்னத்துல இருக்கற அம்மைத் தழும்பைக் காட்டினேன். புரிஞ்சுக்கினா" என்றாள். என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் பிரசங்கம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. சிலர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அன்று திரும்பும்போது, செவிலிமேட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எங்கள் சபையின் மூத்தவர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், முன் சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னதுல ஒரு ஓட்டை இருக்குதும்மா" என்றார். கோபம் இல்லை. "சாபம் நட்சத்திரம்வரைக்கும் போகலைன்னா, மீட்பு மட்டும் எப்படி அதுவரைக்கும் போகும்? படைப்பு முழுசும் புதுசாகும்னு நம்பறோமே, கெடாததை ஏன் புதுசாக்கணும்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. யோசிக்கவில்லை என்று அவரிடமே சொன்னேன்.

"நான் நாப்பது வருஷமா யோசிச்சுக்கினு இருக்கேன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "எம் பொண்டாட்டி தவறிப்போன அன்னிக்கு மொட்டை மாடியில போய் நின்னேன். வானம் எப்பவும் போலத்தான் இருந்துது. அதுதான்மா என்னால தாங்க முடியல. அதுவும் நம்மளோட சேர்ந்து கெட்டுப்போயிருக்குது, நம்மளோட சேர்ந்து அழுவுதுன்னு யாராவது சொன்னா எனக்கு ஆறுதலா இருக்குது."

தறி நெய்கிற அந்தத் தாய் தன் மகளுக்காக நட்சத்திரத்தைப் பாவத்தின் கணக்கிலிருந்து விலக்கச் சொல்கிறாள். இவர் தன் மனைவிக்காக அதையும் சேர்க்கச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரு பதில் இருக்குமா என்று அவரையே கேட்டேன்.

"தெரியலையேம்மா" என்றார். "அடுத்த வாரம் ஆராதனை முடிஞ்சு கொஞ்ச நேரம் உக்காந்து படிக்கலாமா? நீ கேளு, நானும் கேக்கறேன்."

சரி என்றேன். அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினார், பஸ் நகர்ந்தது.