ஹாஜ்ரா வீட்டுச் சினாரின் பட்ட கிளை

ஏரிக்கரை ரைனாவாரியில் கல்யாணப் படம் பிடித்துப் பிழைக்கிற அல்தாஃபுக்கு இலையுதிர் காலம் வந்தால் பித்துப் பிடித்துவிடும். சினார் மரங்கள் சிவந்துவிட்டால் கல்யாண வீட்டார் கூப்பிட்டாலும் போனை எடுக்கமாட்டான். அந்த வருஷம் அவன் கண் பட்டது பக்கத்து வீட்டு ஹாஜ்ராவின் கொல்லைச் சினார்மேல். விடிகாலைப் பனிமூட்டத்தில் மரம் தகதகவென்று நின்றது. ஒரே குறை, அவள் வீட்டுக் கூரைமேல் நீண்டிருந்த பட்டுப்போன பெருங்கிளை.

கை சும்மா இருக்குமா? கம்ப்யூட்டரில் கிளையைத் துடைத்தான். அந்த இடத்தில் வேறு கிளையின் இலைகளை எடுத்து ஒட்டினான். சிவப்பைக் கொஞ்சம் தூக்கினான். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி இணையத்தில் போட்டான். ஊரே கொண்டாடியது.

அடுத்த வாரமே ஹாஜ்ரா வாசலில் வந்து நின்றாள்.

"நல்லா இருப்பியா நீ? பட்ட கிளையை வெட்ட சர்க்கார் ஆபீஸ்ல அனுமதி கேட்டுப் போனேன். ஆபீசர் உன் படத்தைக் காட்டி, 'மரம் கல்லு மாதிரி இருக்கு, விறகுக்காகப் பொய் சொல்றியா'ன்னு விரட்டிட்டான். நிறைமாச மருமக அந்தக் கூரைக்குக் கீழதான் படுத்திருக்கா."

"எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்கக்கா."

"படுக்கையை விட்டு அசையக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கடா!"

அனுமதியில்லாமல் சினாரில் கத்தி வைத்தால் ஜெயில்தான். ஏரிப்பக்கமிருந்து காற்று வேறு கிளம்பியிருந்தது. அல்தாஃப் கைபடாத அசல் படத்தை எடுத்துக்கொண்டு ஆபீசரிடம் ஓடினான்.

"சார், கிளையை நான்தான் அழிச்சேன்."

ஆபீசர் சிரித்தார். "இருக்கறதை அழிக்கத் தெரிஞ்சவனுக்கு இல்லாததை ஒட்டத் தெரியாதா? அந்தம்மா சொல்லிக் குடுத்து அனுப்பினாளா?"

"சத்தியமா இதுதான் சார் நிஜம்."

"அன்னிக்கு எழுதினியே 'உள்ளது உள்ளபடி'ன்னு, அதுவும் சத்தியம்தானே?"

செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது.

"படத்தை விட்டுத் தள்ளுங்க சார். ஹாஜ்ராக்கா வீட்டுக்கு வந்து அந்தக் கிளைக்கு அடியில நின்னு நம்ம ஊர் உப்பு டீ ஒரு வாய் குடிங்க. நான் பொய்யன்னா உங்களுக்கு என்ன பயம்?"

ரோஷம் வந்து ஆபீசர் கிளம்பினார். கொல்லைக் கதவருகே அண்ணாந்து பார்த்தவர் அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை. மேலே கிளை முனகியது. ஹாஜ்ரா மரத்தடியில் நின்று கோப்பையை நீட்டினாள்.

"வாங்க சார், ஆறிடும்."

"டீ வேண்டாம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. அங்கிருந்தபடியே ரம்பக்காரனுக்குப் போன் போட்டார்.

கயிறு கட்டி அறுத்த கிளை, கூரையைத் தொடாமல் அங்குலம் அங்குலமாக இறங்கியது. மண்ணில் அது படியும்வரை அல்தாஃப் மூச்சு விடவில்லை. பிறகு கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இப்ப எடு உன் படத்தை," என்றாள் ஹாஜ்ரா.

அவனால் கேமராவைத் தூக்கவே முடியவில்லை.