பெலாவானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை: எங்கள் பிடில்காரரை இரண்டு சர்க்கார்கள் கைமாற்றிய பயணம்

டச்சுக்காரரை எதிர்த்து ஜாவாவிலும் சுமத்ராவிலும் எழுந்த கலகம் அடங்கிய மறுவருஷம், தீபாவளி முடிந்த கையோடு எங்கள் நாடகக் கம்பெனி சுமத்ராவிலுள்ள மேடானிலிருந்து மலாயாவுக்குக் கிளம்பியது. கம்பெனி என் வீட்டுக்காரருடையது. நான் அதில் பாடி நடிப்பவள். மேடான் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களில் எங்கள் நாடகங்களை எல்லோரும் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. கிள்ளானில் மூன்று ஆட்டம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஐந்து ஆட்டம் என்று அழைப்பு வந்ததும் மூட்டை கட்டினோம். இதே வழியில் வர நினைக்கும் சில கம்பெனிகள் எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வழி சுலபம். பெலாவான் துறைமுகத்தில் மாலை நான்கு மணிக்குக் கப்பல் ஏறினால் மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் போர்ட் சுவெட்டன்ஹாம். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். கப்பல் சாப்பாடு வாயில் வைக்க முடியாது, புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். டச்சு வெள்ளியை மேடானிலேயே மாற்றிவிடுங்கள். ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருக்கும் இரண்டு நாடுகள்தான், ஆனால் இவன் காசு அங்கே செல்லாது, அவன் காசு இங்கே செல்லாது. சுங்கத்தில் எங்கள் உடுப்புப் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டி, ராஜாவின் கிரீடம் நிஜப் பொன்னா என்று உரசிப் பார்க்கவே மத்தியானம் ஆகிவிட்டது. இந்த இரண்டு சர்க்கார்களும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள் போலிருக்கிறது என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

எங்களோடு வந்தவர்களில் சலீம் ஒருவர்தான் தமிழர் அல்ல. பாயாகும்பு என்ற சுமத்ரா ஊர்க்காரர், எங்கள் பிடில்காரர். நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் என் பாட்டு முழுவதையும் பிடிலில் வாசித்துக் காட்டிச் சேர்ந்தவர். நான் சுருதி விட்டு எங்கே போனாலும் பின்னாலேயே வந்து பிடித்துக்கொள்வார். அவருடைய அண்ணன் கலகத்தில் சேர்ந்தவர் என்று டச்சுக்காரர்கள் அந்த அண்ணனைக் கப்பலேற்றி எங்கோ கிழக்குக் கோடிக் காட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சலீம் அதைப் பற்றிப் பேசமாட்டார். கேட்டால், "தாப்பா அக்கா, பரவால்ல" என்று பிடிலின் முறுக்காணியைத் திருகத் தொடங்கிவிடுவார்.

கிள்ளான் ஐந்து மைல், ரயிலில் கால்மணி நேரம். ஆற்றுக்குத் தெற்கே ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளின் மாடியில் தங்க இடம் கிடைக்கும். வடகரையில் தங்கினால் சாமான் தூக்கிப் பாலம் தாண்டவே கூலி போய்விடும். தோட்டத்து ஜனங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளும் கூடாரம் நிறைந்தது. அங்கிருந்து கோலாலம்பூர் இருபத்திரண்டு மைல். காலை வண்டியில் போனால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் முக்கால்வாசிப் பேர் ரயில்வேக்காரர்கள். சம்பளம் வாங்கிய வாரமாகப் பார்த்து ஆட்டம் வையுங்கள். ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கும் அந்தோணி என்பவர் எங்களுக்கு மைதானமும் விளக்கும் ஏற்பாடு செய்து தந்தார்.

இரண்டாம் நாள் ஆட்டத்தில் முன்வரிசையில் ஒருவர், வேட்டியும் கோட்டுமாக, நான் பாடும்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சலீம் தனியாக வாசித்தபோது எழுந்து நின்று "இன்னொரு தடவை!" என்று கூவினார். சலீமும் வாசித்தார். மறுநாள் காலை அதே மனிதர் இரண்டு மாத்தாக்களோடு நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்றார். போலீஸ்காரரை இந்த ஊரில் மாத்தா என்பார்கள். இவர் துப்பறியும் போலீஸ்.

"சலீம் யாரும்மா?" என்றார், தெரியாதவர் போல.

"நேத்து ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டீங்களே, அவருதான்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "நான் சம்பளக்காரன்மா. மேலதிகாரி கூப்பிடுறாரு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

சலீம் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பிடிலைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, "வெயில்ல வைக்காதீங்க அக்கா" என்றார். அவ்வளவுதான். பயந்த மாதிரித் தெரியவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அந்தோணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போலீஸ் ஆபீசுக்குப் போனோம். வெள்ளைக்கார அதிகாரி மரியாதையானவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் அந்தோணி தமிழில் சொன்னார்.

"என்ன குத்தம் செஞ்சாருன்னு கேளுங்க" என்றேன்.

"இங்க ஒரு குத்தமும் செய்யலையாம்" என்றார் அந்தோணி. "டச்சுக்காரங்க கேட்டிருக்காங்களாம். அவங்க கேட்டா இவங்க அனுப்புவாங்க, இவங்க கேட்டா அவங்க அனுப்புவாங்க. அக்கம்பக்கத்து நாடுங்க ஒருத்தருக்கொருத்தர் பாதுகாப்பா இருக்கணுமாம்."

"அங்க என்ன குத்தம் செஞ்சாரு?"

அதிகாரி தோளைக் குலுக்கினார். "அது நம்ம கேள்வி இல்லைங்கறாரு" என்றார் அந்தோணி.

"கோர்ட்டுல நிறுத்துவாங்களா?"

"கோர்ட்டு கிடையாதாம். வெளிநாட்டு ஆளு, ஊருக்குத் திருப்பி அனுப்புறோம், அவ்வளவுதான்னு சொல்றாரு. கப்பல் போய் நிக்கிற இடத்துல டச்சுப் போலீஸ் நின்னா, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்னு கேக்குறாரு."

தப்பான ஆளைப் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தப்பைத் திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இங்கே எல்லாம் சரியாக, முறையாக, நாற்காலி போட்டு நடக்கிறது. ஒருவர் காசை ஒருவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், கிரீடத்தை உரசிப் பார்ப்பார்கள்; ஒரு மனிதனை மட்டும் கேள்வி கேட்காமல் கொடுத்து வாங்குவார்கள்.

அதிகாரி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, இந்த ஆள் உங்கள் கம்பெனியைச் சேர்ந்தவனா என்று கேட்டார். மீதி மூன்று ஆட்டத்துக்கான அனுமதி அந்த மேஜையிலிருந்துதான் வந்திருந்தது. என் வீட்டுக்காரர், "நடுவுல வந்து சேர்ந்தவன்ங்க. எங்க ஆளுன்னு சொல்ல முடியாது" என்றார்.

அந்தோணி அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்குவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "எங்க ஆளுதான்! நாலு வருஷமா எங்க சோத்தத் தின்னு எங்க பாட்ட வாசிச்சவரு. அப்படியே சொல்லுங்க அந்தோணி, ஒரு வார்த்தை குறைக்காதீங்க."

அவர் குறைக்காமல் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலமே மீதி ஆட்டங்களுக்கு அனுமதி ரத்து என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேச ஆசைப்படவில்லை.

கப்பல் எப்போது என்று எங்களுக்கு வந்து சொன்னவர் அந்தத் துப்பறியும் போலீஸ்காரரேதான். சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தும் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தோணியும் நானும் காலை ரயிலில் போர்ட் சுவெட்டன்ஹாம் போனோம். பிடில் என் மடியில் இருந்தது.

டச்சுக் கப்பல் ஒன்று நின்றிருந்தது. ஒரு இங்கிலீஷ்கார அதிகாரி முன்னே வர, சலீமை இரண்டு மாத்தாக்கள் நடத்தி வந்தார்கள். ஏணியின் அடியில் ஒரு டச்சுக்காரர் காத்திருந்தார். இங்கிலீஷ்காரர் தலையசைத்தார், டச்சுக்காரர் தலையசைத்தார். கைமாறியாயிற்று. நான் ஓடிப்போய்ப் பிடிலை நீட்டினேன்.

சுங்கக்காரன் கையை நீட்டித் தடுத்தான். ஏற்றுமதிச் சாமானாம், முத்திரை வேண்டுமாம். டச்சுக்காரரோ, கைதியோடு சாமான் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, வாங்க மாட்டேன் என்றார். ஆளுக்கு வேண்டாத முத்திரை மரத்துக்கு வேண்டுமா என்று நான் கத்தியது துறைமுகம் பூராவும் கேட்டிருக்கும். கூலிகள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். யாரும் என்னைத் தொடவில்லை. யாரும் பிடிலையும் வாங்கவில்லை.

சலீம் ஏணியில் பாதி ஏறி நின்று திரும்பினார். "அக்கா, தொண்டைய கெடுத்துக்காதீங்க" என்றார். பிறகு உள்ளே தள்ளிவிட்டார்கள்.

மேடானுக்குத் திரும்பியதும் டச்சு ஆபீசில் விசாரித்தேன்; இங்கிலீஷ்காரர்களைக் கேள் என்றார்கள். அந்தோணி கோலாலம்பூரில் விசாரித்தார். டச்சுக்காரர்களைக் கேள் என்றார்கள். ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆளைப் பிடிப்பதற்கு இருந்த ஒற்றுமை, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்வதற்கு இல்லை.

வரப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தாராளமாக வாருங்கள்; கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் ஜனங்களைப் போல நாடகம் பார்ப்பவர்கள் குறைவு. அனுமதியை எட்டு ஆட்டத்துக்கும் சேர்த்து வாங்காமல், தனித்தனியாக வாங்கப் பாருங்கள்; ஒரே அனுமதியை ரத்து செய்தால் எல்லா ஆட்டமும் போய்விடும். சுமத்ரா, ஜாவா ஆட்கள் உங்கள் கம்பெனியில் இருந்தால் வந்த அன்றே ஒரு வக்கீலைப் பார்த்து வையுங்கள். பிடித்த பிறகு தேட நேரம் தரமாட்டார்கள். யாராவது கேட்டால், எங்கள் ஆள் என்று சொல்லுங்கள். சொல்வதால் அவரை மீட்க முடியாமல் போகலாம். என்னால் முடியவில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.

டச்சுக்காரர் பக்கம் ஆட்டம் போடப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பெயர் சலீம். ஊர் பாயாகும்பு. முப்பது வயதுக்குள், ஒல்லியான ஆள், இடது கை விரல் நுனிகள் காய்த்திருக்கும். சிறை வேலியோரமோ துறைமுகத்திலோ ஒரு சுமத்ராக்காரர் தமிழ்ப் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டால், தயவுசெய்து நின்று பெயரைக் கேளுங்கள்.