புங்க மரத்தடியில் நின்றவர்கள்

காலை 10.20. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை செஞ்சி வரை காலியாகவே வந்தது. எனக்கு ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, காலி இருக்கை புதிதல்ல. ஆனாலும் யாராவது வந்து உட்கார்ந்து எந்த ஊர் என்று கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

என் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறும்போது ஒவ்வொரு நாடும் தன் மக்களோடு எப்படிக் கலந்து பேசுகிறது என்று நேரில் பார்த்து, ஒப்பிட்டு எழுதித் தர வேண்டும். டென்மார்க்கும் ஜெர்மனியும் முடிந்துவிட்டன. மூன்றாவது நம் ஊர். பாஷை தெரிந்த இடம், கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்த கதைதான் இது.

11.15. செஞ்சி. பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே லாட்ஜ், அறை வாடகை எழுநூறு. மொட்டை மாடியிலிருந்து ராஜகிரி மலைக்கோட்டை முழுசாகத் தெரிந்தது.

"கோட்டைக்குக் காலைலயே ஏறிடுங்க சார், வெயில் வந்துட்டா ஏற முடியாது" என்றார் மேலாளர்.

"கோட்டைக்கு வரவில்லை. ஒரு கூட்டம் பார்க்க வந்தேன்."

"கூட்டமா? எந்தக் கட்சி சார்?"

மதியச் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். எதிரில் உட்கார்ந்தவர் ரசம் வரும்வரை போனிலேயே இருந்தார். கை கழுவப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கே எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2.10. ஆட்டோக்காரர் பெயர் ஏசுதாஸ், நாற்பது வயதிருக்கும். அவலூர்பேட்டை சாலையில் பதினொரு கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க ஐந்நூறு ரூபாய். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

"கரண்ட் கம்பெனி மீட்டிங்குதானே சார்? நாப்பது ஏக்கர்ல பிளேட்டு போடப் போறாங்களாம்."

சூரியத் தகடுகளைத்தான் அப்படிச் சொன்னார். நிலம் நகரத்தில் இருக்கும் ஒருவருடையது, வெகுகாலமாகத் தரிசு. ஆனால் அதன் நடுவே ஒரு வண்டிப்பாதை ஓடுகிறது. பின்னால் இருக்கும் கொல்லைக் காடுகளுக்கு ஊர் சனங்கள் அதில்தான் போகிறார்கள். வேலி போட்டால் பாதை போய்விடும். ஏரிக்கரையைச் சுற்றித்தான் போக வேண்டும், கூடுதலாக இரண்டு கிலோமீட்டர்.

3.00. சமுதாயக் கூடம். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் ஒரு மேஜை, மேஜையில் கையெழுத்து நோட்டு. உள்ளே நாற்பது பேர். வெளியே புங்க மரத்தடியில் அதைவிட அதிகம் பேர் நின்றிருந்தார்கள். உள்ளே வரவும் இல்லை, கலையவும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. டென்மார்க்கில் ஒரு தீவில் இதே போன்ற கூட்டத்தில் இருந்திருக்கிறேன். காப்பி குடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் பேசினார்கள். காற்றாலையின் நிழல் தன் சமையலறையில் விழும் என்று ஒரு பெண்மணி சொன்னதும், வரைபடத்தில் இருந்த புள்ளியைப் பென்சிலால் தள்ளி வைத்தார்கள். ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்கப் பகுதி ஒன்றில், ஆட்சேபத்தைத் தபாலில் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் எழுத்தில் பதில் போனது. இங்கே பாதை போகப்போகிறது, இவர்கள் மரத்தடியில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்!

நேராக மரத்தடிக்குப் போனேன். தனலட்சுமியைச் சந்தித்தது அப்போதுதான். கணவர் இல்லை. இரண்டு மாடு, பாதைக்குப் பின்னால் ஒரு ஏக்கர் மணிலா, அதாவது வேர்க்கடலைக் கொல்லை.

"எருவு வண்டி எப்படி சார் ஏரிக்கரைல போவும்? அது ஒத்தையடிப் பாதை" என்றார்.

"இதை உள்ளே வந்து சொல்லுங்கம்மா. சொன்னால்தானே எழுதிக்கொள்வார்கள்?"

"நாங்க உள்ள போறதில்ல சார்."

"ஏன்?"

அவர் மற்றவர்களைப் பார்த்தார். நான் விடவில்லை. தீவுக் கதை முழுவதையும் சொன்னேன், பென்சில் உட்பட. கடைசியில் அவர் மட்டும் என்னோடு வந்தார். நோட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"இதுல போட்டா இன்னா அர்த்தம் சார்?"

"வந்தீர்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான்."

கையெழுத்துப் போட்டார். எழுந்து பேசினார், நன்றாகவே பேசினார். கம்பெனி அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். தேநீர் வந்தது. பிறகு அதிகாரி ஒரு தாளை எடுத்துப் படித்தார்: கூட்டத்தில் கலந்துகொண்டு கையொப்பமிட்ட அனைவரும் திட்டத்துக்கு மனமார ஒப்புதல் அளித்தனர். பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் எழுந்து இது தப்பு என்றேன்.

"சாருக்கு இந்த ஊரா?" என்று கேட்டார் அதிகாரி, மிக மரியாதையாக. இல்லை என்றேன். "அப்ப உக்காருங்க சார்."

வெளியே வந்தபோது மரத்தடி காலியாகிக்கொண்டிருந்தது. தனலட்சுமிக்காக யாரும் நிற்கவில்லை. அவரோடு பேசிக்கொண்டிருந்த பெண்களும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். ஆட்டோவில் ஏறச் சொன்னேன்.

"உங்க கூட வண்டில போறது இன்னும் மோசம் சார். நான் நடந்துக்கறேன்."

சாலையில் அவரைக் கடந்தபோது ஏசுதாஸ் வண்டியை மெதுவாக்கினார். அவர் நிமிரவில்லை.

"எங்க பக்கமெல்லாம் வேணாம்னா வெளிய நிப்பாங்க சார்" என்றார் ஏசுதாஸ். "சண்ட போட மாட்டாங்க. எத்தினி பேர் நிக்கிறாங்கன்னு நாலு ஊருக்கும் தெரியும். உள்ள போயி நாற்காலில குந்திட்டா ஒத்துக்கிட்டதாதான் கணக்கு. அந்தம்மா உங்களாலதான் உள்ள போச்சு."

"நீங்கள் அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க?"

அன்று மாலை அறையில் உட்கார்ந்து, கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகத் தனலட்சுமி பெயரில் ஒரு மனு எழுதினேன். நல்ல மனு. அதைப் படித்துக் காட்டக்கூட எனக்கு யாரும் இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை 6.30. அதே ஊர், பால் சொசைட்டி. கேன்களோடு வரிசை நின்றது. தனலட்சுமி வரிசையில் இல்லை, தள்ளி ஒரு கல்லின் மேல் தன் கேனோடு உட்கார்ந்திருந்தார். மனுவை நீட்டினேன்.

"இன்னொரு கையெழுத்தா சார்?"

மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பாதைக்கு எல்லாரும் சேந்து எதனா பண்ணுவாங்க. அதுல நானும் இருக்கணும். நேத்துலருந்து எங்கிட்ட யாரும் பேசல. காசு வாங்கிட்டேன்னு சொல்றாங்க. நீங்கதான் கூப்ட்டீங்கன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அது போதும்."

வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். "இந்த அம்மாவாக உள்ளே வரவில்லை. உங்கள் வழக்கம் தெரியாமல் நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். கையெழுத்துக்கும் நான்தான் காரணம். தப்பு என்னுடையது" என்றேன்.

பால் அளப்பவர் அளந்துகொண்டே இருந்தார். பிறகு வரிசையின் நடுவில் நின்ற ஒரு பெண் தன் கேனைக் காலால் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"கேனை எடுத்தாந்து வையி, தனம். பால் திரிஞ்சிடப் போவுது."

தனலட்சுமி எழுந்து போய் அந்த இடத்தில் நின்றார். அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பாதை, வேலி, யார் யார் கலெக்டர் ஆபீசுக்குப் போவது. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஆட்டோ வரை தனியாக நடந்தேன்.

9.05. திண்டிவனம் பேருந்து. மடியில் என் ஒப்பீட்டுப் படிவம். நாட்டுக்கு ஒரு பத்தி. பங்கேற்றோர் எத்தனை பேர் என்று அதில் ஒரு கேள்வி. உள்ளே இருந்தவர்களை எழுதவா, வெளியே நின்றவர்களை எழுதவா என்று யோசித்து, இரண்டையும் எழுதினேன். கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு ஓடியது. மூன்று நாடுகளில் எத்தனையோ கூட்டங்களில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் பேசி, யாரோ இடம் நகர்ந்து கொடுத்தது அந்தப் பால் வரிசையில்தான். அந்த இடமும் எனக்கில்லை.