கல்யாணப் பத்திரிகையில் இருந்த பி.ஏ.

சூலூரிலிருந்து காந்திபுரம் போகும் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சென்னியப்பன் இருபத்துமூன்று வயதிலேயே பி.ஏ. ஆகிவிட்டவன். படித்தல்ல, அச்சாகி. 1985 ஆவணியில் அவனுக்கும் மயிலாத்தாளுக்கும் நடந்த கல்யாணத்தின் மஞ்சள் பத்திரிகையில் 'செல்வன் சென்னியப்பன், பி.ஏ.' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளபடிக்கு அவன் பிளஸ் டூ.

அந்த இரண்டெழுத்தைச் சேர்த்த புண்ணியவான் தரகர் சுப்பண்ணன். கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டுமே? கிடையாது. வாரத்துக்கு இரண்டு தரம் அதே பஸ்ஸில் ஏறி, அதே கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னாங்க. நாஞ் சொன்னது ஒண்ணே ஒண்ணு. மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதும் உனக்கு லாபந்தானப்பா?" என்று ஊருக்கே கேட்கும்படி சிரிப்பார்.

சென்னியப்பன் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தபோது அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. பெண் வீட்டாருக்குப் பிடித்துப்போன மாப்பிள்ளையாக இருப்பது அவனுக்கும் பிடித்திருந்தது. கல்யாணமாகி மூன்றாம் நாள்தான் மனசு கேட்காமல் மயிலாத்தாளிடம் உண்மையைச் சொன்னான்.

அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. "நான் காலேஜுக்குப் போறேன்னு எங்கப்பன்கிட்டக் கேட்டேனுங்க. மாப்பிள்ளையே பி.ஏ.வாம், ஒரு ஊட்டுக்கு ஒரு பி.ஏ. போதும்னு சொல்லிப்போட்டாரு" என்றாள். பிறகு பத்திரிகையை எடுத்து, பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கொடுத்த பேனாவால் அந்த பி.ஏ.வைக் கறுப்பு மையில் ஒரே கோடாக அடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு அன்றோடு தீர்ந்திருக்கும். திட்டாமல் விட்டது முள்ளாய் உள்ளேயே இருந்தது.

ஆறு வருஷம் அந்த முள்ளோடு டிக்கெட் கிழித்துவிட்டு, 1991இல் ஒரு நாள் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கப் பணம் கட்டினான். "அந்தக் கோட்டை நான் அழிச்சுப்போடறேன் பாரு" என்று வீட்டில் சொன்னான். மயிலாத்தாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "சேரீங்க" என்றதோடு சரி.

மெட்ராஸிலிருந்து மாதத்துக்கொரு பழுப்புப் பொட்டலம் தபாலில் வந்தது. வரலாற்றுப் பாடங்கள் தமிழில் இருந்ததால் அசோகரும் அக்பரும் அவனுக்குச் சிநேகமாகிவிட்டார்கள். இங்கிலீஷ்தான் கிட்டவே சேர்க்கவில்லை. பொட்டலத்தில் ஒரு விநோதம் இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு ஓரத்தில் நூல் பிடித்த மாதிரி கிழிந்திருக்கும். இங்கிலீஷ் பாடத்தில் கடினமான சொற்களுக்கு மேலே பென்சிலால் குட்டிக் குட்டியாகத் தமிழ் அர்த்தம் எழுதியிருக்கும். தபால்காரரின் கவனக்குறைவு என்று கிழிசலை மன்னித்தான். பென்சில் எழுத்தைப் பார்த்து உருகியே போனான்.

"மெட்ராஸ்காரங்களுக்கு ஈரமில்லைன்னு என்னமோ சொல்றாங்களே டீச்சர், இதப் பாருங்க. எங்கியோ மெட்ராஸ்ல உக்காந்துட்டு, நமக்கு இங்கிலீஷ் வராதுன்னு தெரிஞ்சு யாரோ அர்த்தமெல்லாம் எழுதி அனுப்பறாங்க. தங்கமான மனுசங்க!"

இதை அவன் சொன்னது கிருபாவதி டீச்சரிடம். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுப்பவர். ஒண்டிப்புதூரில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்குவார். அந்த இருபது நிமிஷம்தான் சென்னியப்பனின் வகுப்பு. முன் படிக்கட்டை ஒட்டிய சீட்டில் அவருக்காகப் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பான். டீச்சர் பென்சில் எழுத்தைக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அவனையும் ஒரு பார்வை பார்த்தார். "தங்கமானவங்கதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடத்தோடு விடைத்தாளும் எழுதி அனுப்ப வேண்டும். நாலு நாள் விடுப்புக் கேட்டு மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். சென்னியப்பன் இங்கிலீஷில் ஒரு பக்கம் முழுக்க எழுதினான். ஐயாவின் உடம்பு எப்படி, வீட்டில் அம்மா சௌக்கியமா, குழந்தைகள் எந்த வகுப்பு, ஐயாவின் ஊரில் மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா. கடைசி வரியில்தான், சிரமமில்லையென்றால் நாலு நாள் லீவு. அது சிவப்பு மையில் 'விஷயத்துக்கு வரவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

சென்னியப்பனுக்கு மனசு விட்டுப்போயிற்று. "மழை பேஞ்சுதான்னுகூடக் கேக்காம, எடுத்த எடுப்புல லீவு குடுன்னு எப்படிங்க டீச்சர் கேக்கறது? நாளைக்கு அந்த மனுசன் மூஞ்சில முழிக்கோணுமில்லீங்?"

"அந்த மேலதிகாரியே கிடையாதுங்க கண்டக்டர். சும்மா கேள்வி."

"இல்லாத மனுசனா இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமுங்களா?"

இப்படி மரியாதை பார்த்தே இரண்டு தரம் இங்கிலீஷில் போயிற்று. மற்றப் பாடமெல்லாம் தேறி, இங்கிலீஷ் ஒன்று மட்டும் நின்றது. 1995 மே மாதம் மூன்றாம் தரம் எழுதப் போனான். அன்று நடந்ததை சூலூர் ரோட்டில் இன்னமும் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு.

பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் தெரியும்: ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. பன்னிரண்டு வருஷமாகச் சென்னியப்பனின் ரத்தத்தில் ஊறிய சட்டம் அது. பரீட்சையில் அன்று அவனுக்கு நல்ல நேரம். கேட்டதெல்லாம் தெரிந்தது. கடிதத்தைக்கூட மழை விசாரிக்காமல் எழுதினான். கட்டுரை ஆரம்பித்து நாலு வரி ஓடியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்பதற்காக வராந்தாவில் மணி ஒரே ஒரு தரம் அடித்தார்கள். டங்!

சென்னியப்பனின் கை நின்றது. எழுந்தான். தாளைக் கட்டினான். கண்காணிப்பாளரிடம் இரண்டு கையாலும் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வேப்பமரத்தடியில் நின்று பார்த்தால், பின்னால் ஒருத்தரும் வரவில்லை. எல்லாரும் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டால், கொடுத்த தாளை யார் திருப்பித் தருவார்கள்?

தேற நாற்பது வேண்டும். முப்பத்தொன்று வந்தது.

டிரைவர் ஐயாசாமி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். "ஏஞ் சென்னியப்பா, ஒத்த மணிக்கு நீ நின்னது சரி. ரெண்டாவது மணி அடிச்சிருந்தா எழுதப் போயிருப்பியாட்ட இருக்குது!" சுப்பண்ணனோ, "பேசாம பத்திரிகையில இருந்ததே இருக்கட்டும்னு உட்டிருக்கலாம்" என்று முத்து உதிர்த்தார். சென்னியப்பனும் சிரித்து வைத்தான். கண்டக்டர் கோபப்பட்டால் பஸ் நடக்குமா?

வீட்டில்தான் சிரிக்க முடியவில்லை. பத்து வருஷமாக வாயைத் திறக்காத மயிலாத்தாள் அன்று திறந்தாள். "அரை மணி நேரமுங்க! சித்தெ அக்கம்பக்கம் திரும்பிப் பாத்திருக்கலாமில்லீங்க? அந்தக் கட்டுரை உங்களுக்கு நல்லா வருமே! காட்டைப் பத்தினதுதானே, பதினேழாவது பாடம்!" அவள் கண் கலங்கியிருந்தது. தனக்காக இவள் இத்தனை துடிப்பாள் என்று அவன் நினைத்ததே இல்லை. பதினேழாவது பாடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. மண்டு!

அடுத்த வாரமே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. பழைய பாடத்திட்டத்துக்கு 1996 மே மாதம்தான் கடைசிப் பரீட்சை. அதிலும் தவறினால் தேறிய பாடங்கள் உட்பட எல்லாம் போயிற்று. முதலிலிருந்து வர வேண்டும். சென்னியப்பன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இன்னொரு ஐந்து வருஷத்துக்கு அவனிடம் தெம்பில்லை. கோடு போட்ட பத்திரிகை பெட்டிக்குள் அப்படியே கிடக்கும், தானும் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டே கிழவனாகிவிடுவோம் என்று பயந்தான்.

டீச்சர்தான் வழி சொன்னார். "உங்களுக்கு இங்கிலீஷ் வந்துடுச்சுங்க கண்டக்டர். மணியைத்தான் மறக்கணும்." காலையில் அவன் டீச்சர் சீட்டின் கம்பியில் சாய்ந்து கட்டுரை எழுதுவான். நடுவில் டீச்சர் தன் டிபன் டப்பாவைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். பேனா நிற்கக் கூடாது. முதல் மாதம் முழுக்க நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். பிறகு தேவைக்கு மேலேயே தேறிவிட்டான். ஒரு நாள் சிங்காநல்லூரில் இறங்க வேண்டிய மில்காரர்கள் பஸ்ஸின் தகரத்தை டமாரென்று ஒரு தட்டுத் தட்டினார்கள். சென்னியப்பன் நிமிரவே இல்லை. 'காடுகள் மழையைத் தருகின்றன' என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டே போனான். பஸ்ஸும் போனது.

"ஏனுங் கண்டக்டரே, நீங்க பாஸாகறதுக்குள்ள எங்களுக்கு வேலை போயிருமுங்க!" என்று சண்டைக்கு வந்தார்கள். அடுத்த நாள் அவர்களே, "பரீட்சை என்னைக்குங்க?" என்று கேட்டுப் பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகவும் கேள்வி.

1996 மே. அதே கல்லூரி, அதே வராந்தா. கட்டுரையில் இரண்டாவது பத்தி ஓடும்போது மணி ஒரு தரம் அடித்தது. சென்னியப்பனின் கால்கள் தாமாக எழுந்துவிட்டன. பாழாய்ப்போன கால்கள்! பெஞ்சு கிரீச்சிட்டது. ஒரு கணம் அப்படியே நின்றான். தாளைப் பார்த்தான். பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. சட்டென்று உட்கார்ந்து, தன்னை அறியாமல், பதின்மூன்று வருஷத்துக் குரலில், "ரைட், ரைட்!" என்று கத்திவிட்டான்.

மண்டபமே சிரித்தது. "யாருப்பா அது?" என்று கண்காணிப்பாளர் வந்தார்.

"நானுங்க. மன்னிச்சுப்போடுங்க. வண்டி கெளம்பிருச்சுங்க" என்றான் தலை நிமிராமல்.

கடைசி நீண்ட மணிக்கும் அவன் நிறுத்தவில்லை. தாளைக் கையிலிருந்து உருவ வேண்டியிருந்தது.

ஜூலையில் அவனுக்கு வார ஓய்வான ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பக்கத்துத் தறிக்குடோன் சத்தத்தையும் மீறித் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தார். பழுப்பு உறை. சென்னியப்பன் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான். "நீயே பிரி மயிலா" என்று நீட்டினான்.

மயிலாத்தாள் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, உறையின் ஓரத்தில் நுழைத்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். நூல் பிடித்த மாதிரி கிழிந்தது. சென்னியப்பன் அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்பத்திரண்டு" என்றாள் அவள். "பாஸுங்க." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு துண்டுப் பென்சில். கறுப்புக் கோட்டுக்கு மேலே குட்டிக் குட்டியாக 'பி.ஏ.' என்று எழுதினாள்.

பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவன், பொண்டாட்டியின் கையெழுத்தை அன்றுதான் பார்த்தான். பார்த்ததும் தெரிந்தது. அக்பர் காலத்திலிருந்து அவனோடு வந்த எழுத்து.

"மயிலா... அந்த அர்த்தமெல்லாம்... நீயா?"

"பின்னே? மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்கு வேற சோலி இல்லீங்களா? மூணு வருசம் வந்த பொட்டலமெல்லாம், நீங்க வண்டியில இருந்து வர்றதுக்குள்ள நாந்தானுங்க மொதல்ல படிச்சேன். இங்கிலீஷும் படிச்சேன், அசோகரும் படிச்சேன். விடைத்தாள்தான் அனுப்பலை."

அவன் ஒரு கோட்டை அழிக்கத்தான் ஐந்து வருஷம் பாடுபட்டான். அந்தக் கோட்டுக்குக் கீழே இவ்வளவு கிடந்தது அவனுக்குத் தெரியாமலே போயிற்று. வெட்கமாக இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றான்.

"நீங்க கேக்கலீங்க."

பத்திரிகையை அவன் பக்கம் திருப்பினாள். 'செல்வி மயிலாத்தாள்' என்று அச்சாகியிருந்த வரியில் பென்சில் முனையை வைத்தாள். பெயருக்குப் பின்னால் இரண்டு விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது.

"இந்த எடம் பதினோரு வருசமா சும்மா கெடக்குதுங்க. நாளைக்கு வரும்போது எனக்கும் அந்தப் படிப்புக்கு ஒரு அப்ளிகேசன் பாரம் வாங்கிட்டு வந்துருங்க."

"நாளைக்கு என்ன, இப்பவே போறேன்" என்று சென்னியப்பன் சட்டையைத் தேடினான். ஓய்வு நாளில் அவன் பஸ் ஏறியது கல்யாணத்துக்கப்புறம் அதுதான் முதல் தடவை. வாசல் தாண்டியவன் என்ன நினைத்தானோ, திரும்பி நின்று, "இங்கிலீஷ் கஷ்டமா இருக்கும் அம்மணி, பரவாயில்லையா?" என்று கேட்டான்.

மயிலாத்தாள் கொண்டை ஊசியை மறுபடி செருகிக்கொண்டாள். "நீங்க பயப்படாதீங்க. ஒத்த மணி அடிச்சா நான் எந்திரிச்சு வரமாட்டேனுங்க."