எந்தச் சானலில் நீக்கிலாஸ்?

டென்மார்க்கின் வைலே நகரத் தமிழரில், உண்மையைச் சொல்லி மாட்டுப்பட்ட முதல் ஆள் நீக்கிலாஸ்தான். பொய் சொல்லியிருந்தால் ஒருவரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். அவன் பூசை முடிந்து வெளியே வந்து சொன்னது இதுதான்: "நேற்றையான் மட்சிலை நானும் இறங்கி விளையாடினனான். இண்டைக்கு ரீவியிலை போடுறாங்கள்."

எண்பத்தாறாம் ஆண்டு, மார்ச் மாதம். டென்மார்க்கில் பனி விலகினால்தான் உதைபந்தாட்டப் போட்டிகள் தொடங்கும். அதற்கு முன்னால், கால் மரத்துப் போகவில்லையே என்று பார்த்துக்கொள்ளக் கழகங்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும். கத்தோலிக்கக் கடற்கரை ஊரான பேசாலையில் பந்தோடு வளர்ந்த நீக்கிலாஸ், பகலில் கோழித் தொழிற்சாலையிலும் மாலையில் ஒரு சின்னக் கழகத்தின் பயிற்சியிலும் நிற்பவன். அன்றைக்கு இரண்டு பேருக்குக் காய்ச்சல். கடைசி நேரத்தில் இவனை இறக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர், "நாளைக்கு நாலு மணிக்கு உள்ளூர்த் தொலைக்காட்சியில் வரும். அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியுமா?" என்று கேட்டார். புதிதாக ஒரு நாட்டுக்கு வந்தவன் தெரியாதென்று சொல்வானா? "யா, யா" என்றான். டேனிஷ் மொழியில் அவனுக்குத் தடங்கலில்லாமல் வருவது அது ஒன்றுதான்.

மூன்றரை மணிக்கே, செய்தி கேட்ட சிறீஸ்கந்தராசா நீக்கிலாஸ் வீட்டுக்கு வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர் சொல்வதை நம்பினால் உடம்புக்கு ஆகாது என்று நினைக்கிற யாழ்ப்பாணத்து மனிதர்.

"நீர் விளையாடினீரோ, இல்லாட்டி வெளியிலை நிண்டு பந்து பொறுக்கிக் குடுத்தனீரோ?"

"பாருங்கோவன் அண்ணை."

"பாக்கத்தானே வந்தனான். நீர் ரீவியிலை வராட்டி, தம்பி, உம்மைக் காணுற இடமெல்லாம் கேப்பன்."

பெடியன் புளுகன் என்று பேர் வந்தால், அது ஹொல்ஸ்டெப்ரோ நகரத் தமிழர் வரைக்கும் போய்விடும்.

ஊரில் தொலைக்காட்சி என்றால் அன்ரனாதான். வெளியே ஒருவர் கம்பத்தைத் திருப்ப, உள்ளே ஒருவர் கத்த, கடலுக்கு அப்பாலிருந்து இந்தியா வந்து தெரியும். அந்தக் கலையில் நீக்கிலாஸ் விண்ணன். இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமையே, சுவரிலிருந்த வயரைக் கழற்றிச் சோபாவுக்குப் பின்னால் போட்டுவிட்டு, பல்கணியில் கம்பம் கட்டி ஜேர்மனியைப் பிடித்திருந்தான். சுவருக்குள்ளிருந்து படம் வருமென்றால் யார் நம்புவது?

இப்போது கம்பத்தைத் திருப்பினான். உள்ளேயிருந்து மனைவி பவளராணி கத்தினாள்.

"வருது, வருது! ஐயோ, போயிட்டுது!"

"என்ன வந்தது?"

"குதிரை ஓடுது!"

"அது ஜேர்மன்காரன். இப்ப?"

"ஒரு பாதிரியார் கதைக்கிறார்."

"உமக்காகத்தான் மன்றாடுறார் போல கிடக்கு," என்றார் சிறீஸ்கந்தராசா.

ஆத்திரத்தில் நீக்கிலாஸ் கம்பத்தை ஒரேயடியாகச் சுழற்ற, அதன் அடிநுனி கீழ்வீட்டுப் பல்கணிக் கம்பியில் போய் 'டங்' என்று அடித்தது. சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ஹென்னிங். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் முறைப்பாட்டுக்காக வாயைத் திறந்ததும் பவளராணி அதில் ஒரு மீன் ரோலை வைத்துவிட்டாள். கடித்தார். உறைப்பில் கண்ணீர் வந்தது. வந்த விஷயம் மறந்துபோனது.

"என்ன தேடுகிறீர்கள்?" என்றார், மூக்கைத் துடைத்தபடி.

"ஃபுட்பால். உள்ளூர்."

ஹென்னிங் கம்பத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் குனிந்து, செத்த பாம்பு மாதிரிக் கிடந்த வயரை எடுத்துக் காட்டினார். "உள்ளூர்ச் சானல் இந்தக் கட்டடத்துப் பொது அன்ரனாவில் மட்டும்தான் வரும்." செருகினார். பொத்தானை அழுத்தினார். சாம்பல் நிறத்தில் ஒரு மைதானமும், அதில் கையுறை போட்ட எறும்புகளும் தெரிந்தன.

"இதிலை எது நீர்?" என்றார் சிறீஸ்கந்தராசா.

"நான் இன்னும் இறங்கேல்லை அண்ணை."

"ஓம், ஓம்."

நேரம் போனது. ரோல் முடிந்தது. அப்போது ஓர் எறும்பு கோட்டருகே ஓடிவந்து, குனிந்து நிலத்தைத் தொட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டது. இந்த ஆட்டக்காரர் எதையோ தவறவிட்டுத் தேடுகிறார் போலும் என்றார் அறிவிப்பாளர்.

"என்ர மனுசன்!" என்று பவளராணி துள்ளினாள். பேசாலைக்காரன் சிலுவை போடாமல் மைதானத்துக்குள் கால் வைப்பானா?

அடுத்து நடந்ததை நீக்கிலாஸ் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. மைதான மூலையிலிருந்து ஒரு கோணர் உதை வந்தது. ஓடினான். வழுக்கினான். விழுந்த வேகத்தில் பந்து அவனுடைய பின்பக்கத்தில் பட்டு அணித்தலைவரின் காலடிக்குப் போக, அவர் தட்டிவிட்டார். கோல்!

"மச்சான்!" சிறீஸ்கந்தராசா சோபாவில் ஏறி நின்றார். "அடேய் மச்சான், இதையேன்ரா சொல்லேல்லை? திருப்பிப் போடச் சொல்லு!"

உள்ளூர்ச் சானல்காரனிடம் இருந்தது ஒரே ஒரு கமெரா. திருப்பிப் போடவில்லை, ஆட்டம் முடிந்ததும் பின்னல் வகுப்பைப் போட்டான். ஆகவே நீக்கிலாஸ் கம்பளத்தில் விழுந்து காட்ட வேண்டியதாயிற்று. பந்துக்குப் பதில் ஒரு தோடம்பழம். அணித்தலைவருக்குப் பதில் ஹென்னிங்.

"அவ்வளவு வடிவா விழேல்லை," என்றார் சிறீஸ்கந்தராசா. "இன்னொருக்கா விழு."

மறுபடியும் விழுந்தான். சுவர்ப் படங்கள் ஆடின. இந்தச் சத்தத்துக்கு மேலே வந்து சண்டை பிடிக்க வேண்டியவர் கீழ்வீட்டுக்காரர். அவரோ காற்சட்டையை முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, தோடம்பழம் எப்போது வருமென்று காத்து நின்றார்.